புது மீன் தொட்டியில் குழாய் கசிகிறதா? சொட்டுக்கு மேலே தேடுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலடி மீன் தொட்டி வைத்து, அடியில் சம்ப் (தண்ணீரை வடிகட்டி மோட்டாரால் மேலே அனுப்பும் சிறு தொட்டி) வைத்து, குழாய் வேலை எல்லாம் நானே முடித்துத் தண்ணீர் நிரப்பிய முதல் ராத்திரி, ஸ்டாண்டுக்குக் கீழே விரித்திருந்த செய்தித்தாள் ஒரு மூலையில் நனைந்து கிடந்தது. அந்த மூலைக்கு நேர் மேலே ஒரு எல்போ, குழாய் திரும்பும் இடத்தில் போடும் வளைவு இணைப்பு. அதன் அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எல்போதான் என்று முடிவுகட்டி அதைச் சுற்றி எம்-சீல் அப்பினேன். மறுநாளும் அதே மூலை, அதே ஈரம். எல்போவை அறுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். மூன்றாம் நாளும் ஈரம். அப்புறம்தான் தெரிந்த பிளம்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தவர் எதையும் கழற்றவில்லை. குழாயைப் பழைய துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஆள்காட்டி விரலைக் கீழிருந்து மேலே மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். தொட்டியின் அடிக்கண்ணாடித் துளையில் குழாயை இணைக்கும் நிப்பிள் வரை போய் விரல் நின்றது.

“தண்ணி மேலருந்து வருது சார். நீங்க கீழ தேடிக்கினு இருக்கீங்க. நிப்பிள் வாஷர் மாறிக் கீது பாருங்க.”

“வாஷர் போட்டுத்தானேண்ணா மாட்டினேன்?”

“போட்டீங்க, நட்டு பக்கம் போட்டுட்டீங்க. அது உள்பக்கம் வரணும்.”

கசியும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி அடி, இரண்டடி இறங்கிவந்து, தாழ்வான முனை எதுவோ அங்கேதான் தண்ணீர் சொட்டும். கசிவைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். கீழே ஒவ்வொரு அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்

மோட்டார், ஹீட்டர், விளக்கு எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பிளக் போர்டே நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மெயினை இறக்குங்கள். தண்ணீரைக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் ஹீட்டரை முதலிலேயே அணைத்து ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடி வெடித்துவிடும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு தொங்கல் விட்டு ஏறட்டும். வயர் வழியாக வரும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், மீன் வாங்கும் பணத்தில் முதலில் அதை வாங்குங்கள். இது உயிர் விஷயம்.

அடுத்தது, கசிவைக் கண்டுபிடிப்பது. குழாய், இணைப்பு, ஸ்டாண்டு எல்லாவற்றையும் துடைத்துக் காயவிடுங்கள். அவசரமாக இருந்தால் ஃபேனைத் திருப்பி வைத்தால் போதும். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பரைத் திரித்துக் குழாயில் மோதிரம் போலக் கட்டுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், நனைந்த மோதிரங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதற்குச் சற்று மேலேதான் கசிவு. கை போகாத இடமென்றால் காய்ந்த குழாயின் மேல் கோலமாவைத் தூவுங்கள். வெள்ளை மாவில் நீர் இறங்கிய தடம் கருத்த கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் தொடங்கும் புள்ளி கிடைத்துவிடும்.

இந்த ஊரில் நமக்கு இன்னொரு வசதி உண்டு. வேலூரில் பெரும்பாலான வீடுகளில் போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. வாட்டர் ஹீட்டர் காயிலிலும் பாத்ரூம் குழாய் வாயிலும் படிகிறதே, அதே வெள்ளைப் படிவு, மெதுவாகக் கசியும் இணைப்பிலும் படியும். கசியும் நீர் கீழே விழாமலே ஆவியாகிவிட்டாலும் படிவு மட்டும் நின்றுவிடும். வெள்ளைக் கோடு எங்கே தொடங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரை மட்டும் ஊற்றினால் இந்தத் தடம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒன்றரை அடித் தண்ணீர் தரும் அழுத்தம் ஒரு பாரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு வருவது இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். ஆகவே மீன் தொட்டியில் கசிவு வருவது முறுக்கியது போதாமல் அல்ல. பெரும்பாலும் வாஷர் சரியாக உட்காராததால்தான் வருகிறது. இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று ஸ்பேனரைப் பிடிக்கும் கை நிப்பிளை உடைக்கும், சில நேரம் கண்ணாடியையும் உடைக்கும்.

டேங்க் நிப்பிளைச் சுற்றித் துளிர்க்கிறது

புதுத் தொட்டியில் அதிகம் பார்ப்பது இதுதான். துளையிட்ட கண்ணாடியில் நிப்பிள் மாட்டிய இடத்தில், நட்டைச் சுற்றி முத்து முத்தாக நீர் நிற்கும்.

முதலில் வாஷர் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நிப்பிளின் அகன்ற தலை தொட்டிக்கு உள்ளே, நட்டு வெளியே. ரப்பர் வாஷர் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில், அதாவது தண்ணீர் இருக்கும் பக்கம் வர வேண்டும். நட்டு பக்கம் மட்டும் போட்டால் உள்ளிருக்கும் நீர் துளை வழியாக நுழைந்து மரையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். நட்டைத் திருகும்போது ரப்பரும் கூடவே சுழன்று சுருக்கம் விழும் என்பது இன்னொரு காரணம். மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்று கூட வந்திருந்தால் அதுதான் நட்டு பக்கம் போக வேண்டியது.

வாஷர் சரியான பக்கம்தான், ஆனாலும் துளிர்க்கிறதா? தண்ணீரை இறக்கிக் கழற்றுங்கள். வாஷரை நாக்கால் தொட்டுப் பார்க்கும் அளவுக்குச் சுத்தம் செய்து, விரல் நுனியால் ஒரு சுற்று தடவுங்கள். ஒரே ஒரு மணல் பொடி போதும், கசிவுக்கு. கண்ணாடியிலும் துளையைச் சுற்றி விரலை ஓட்டுங்கள், விளிம்பு வெட்டும், கவனம். டைமண்ட் பிட்டால் துளை போடும்போது விளிம்பில் சிறு சில்லுகள் பெயரும். சில்லு வாஷருக்கு அடியிலேயே மறைந்துவிட்டால் பரவாயில்லை. வாஷரின் வெளிவிளிம்பையும் தாண்டி ஓடியிருந்தால் அந்த வாஷரால் அடைக்க முடியாது. அகலமான தலையும் அகலமான வாஷரும் உள்ள நிப்பிள் தேட வேண்டும்.

இனி மாட்டுவது. ரப்பர் உலர்ந்து இருக்கட்டும். அதன் மேல் சிலிக்கோன் பூசினால் இன்னும் நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஈரமான சிலிக்கோன் மசகு போல வேலை செய்து, இறுக்கும்போது வாஷரை வெளியே பிதுக்கித் தள்ளிவிடும். வெறும் ரப்பரே போதும். நட்டைக் கையால் முடிந்தமட்டும் திருகி, அதன் பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். சில நிப்பிள்களில் மரை இடப்பக்கமாக இருக்கும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். அசையவில்லை என்றால் பலம் காட்டாமல் மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்.

நிப்பிள் கசியாதிருக்க இன்னொன்றும் வேண்டும்: குழாயின் பாரம் அதன் மேல் தொங்கக் கூடாது. கீழே வால்வும் ‘T’ வடிவ இணைப்பும் குழாயுமாக ஒரு கொத்து தொங்கினால் வாஷர் ஒரு பக்கம் நசுங்கி, எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். ஸ்டாண்டின் சட்டத்தில் ஒரு கிளாம்ப் அடித்துப் பாரத்தை அதற்குக் கொடுங்கள். என் தொட்டியில் வாஷரை உள்ளே மாற்றிய பிறகும் பொட்டுப் பொட்டாக வந்த ஈரம், பத்து ரூபாய் கிளாம்பில் நின்றது.

மரை இணைப்பில் ஈரம்

பிளாஸ்டிக் மரை தானாக நீரை நிறுத்தாது, டெஃப்லான் டேப் வேண்டும். ஆண் மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். திசை மாறினால் திருகும்போதே டேப் அவிழ்ந்து சுருண்டு வெளியே வந்துவிடும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப்புக்கு ஐந்தாறு சுற்று தேவைப்படும். முதல் மரையை மூடாமல் விடுங்கள், பிசிறு தொட்டிக்குள் போகாது.

திருகி முடித்தபின் வால்வு கைப்பிடி நேராக வரவில்லையே என்று கொஞ்சம் பின்னால் திருப்பினீர்களா? அப்படியானால் கசிவு அங்கேதான். முன்னே போன டேப் பின்னே வந்தால் வழி விட்டுவிடும். கழற்றி, பழைய டேப்பைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் முழுதும் எடுத்து, புதிதாகச் சுற்றி மாட்டுவதுதான் வழி.

பெண் மரையின் உடம்பில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அதிகமாக இறுக்கியதால் வருவது. கீறல் விழுந்த ஃபிட்டிங்கை ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற முயல வேண்டாம்.

பழைய பிளம்பர்கள் மரைக்குச் சணல் சுற்றி வெள்ளை லெட் பூசுவார்கள். வீட்டுக் குழாயில் பழகிய கை, மீன் தொட்டிக்கும் அதையே செய்யப் போகும். அன்போடு தடுத்துவிடுங்கள். ஈயம் கலந்த எதுவும் தொட்டிக்கு ஆகாது. பித்தளை வால்வும் அப்படித்தான். அதிலிருந்து கரையும் செம்பு சிறிதளவே ஆனாலும் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம்.

ஒட்டிய மூட்டில் கசிவு

சால்வென்ட் சிமெண்ட் போட்டு ஒட்டிய மூட்டு கசிந்தால் வெளியே எதைப் பூசினாலும் நிற்காது. சிமெண்ட் என்பது பசை அல்ல. குழாயின் வெளிப்பரப்பையும் ஃபிட்டிங்கின் உள்பரப்பையும் இளக்கி ஒன்றாக்கிவிடுவது அது. உள்ளே ஒன்றாகாமல் விட்ட இடத்தை வெளியிலிருந்து போய்த் தொட முடியாது. எம்-சீல் இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் பக்கத்தில் வழி தேடிக்கொள்ளும். அறுத்து எடுத்துப் புது ஃபிட்டிங், புது கப்ளர் போடுவதே கடைசியில் செலவு குறைந்த வேலை. அதற்காகத்தான் ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கு நடுவிலும் நாலு விரல் அளவாவது வெறும் குழாய் விட்டு வையுங்கள் என்று சொல்கிறேன். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இருந்தால் ஒன்று கெட்டாலும் எல்லாம் போகும்.

மறுபடி ஒட்டும் முன், ஏன் கசிந்தது என்று தெரிய வேண்டும். இங்கே நான் பார்த்த பெரிய காரணம் அளவுக் குழப்பம். இன்ச் கணக்கில் வரும் யூபிவிசி குழாய்க்கு அரை இன்ச் என்றால் வெளிவிட்டம் 21.3 மி.மீ., முக்கால் இன்ச் 26.7 மி.மீ., ஒரு இன்ச் 33.4 மி.மீ. மில்லிமீட்டர் கணக்கில் வரும் பிவிசி குழாய் 20, 25, 32 மி.மீ. கடையில் பேச்சுவாக்கில் 25 எம்எம் குழாயையும் முக்கால் இன்ச் என்றே சொல்லிவிடுவார்கள். அதைக் கொண்டுவந்து முக்கால் இன்ச் யூபிவிசி எல்போவில் செருகினால் லொடலொட என்று ஆடும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அந்த இடைவெளியைச் சிமெண்ட் நிரப்பி அடைத்துவிடும் என்று நம்பக் கூடாது. சுடுநீருக்கு வரும் சிபிவிசி முக்கால் இன்ச் இன்னும் ஒல்லி, 22.2 மி.மீ.தான். வெளியூரிலிருந்து வரவழைக்கும் மீன் தொட்டி ஃபிட்டிங்குகள் பலவும் 20, 25, 32 கணக்கில் இருக்கும். அதனால் கடைக்குப் போகும்போது பெயரை நம்பாமல் கையிலிருக்கும் ஃபிட்டிங்கையே எடுத்துக்கொண்டு போங்கள். கடையிலேயே, சிமெண்ட் இல்லாமல், குழாயைச் செருகிப் பாருங்கள். குழிக்குள் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கும் நடுவில் எங்காவது இறுகி நிற்க வேண்டும். தடையில்லாமல் அடிவரை போய் ஆடினால் அது ஜோடி அல்ல.

இரண்டாவது காரணம் வெயில். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மத்தியானம் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒட்டினால் தடவிய சிமெண்ட் குழாயைச் செருகும் முன்பே மேலே ஏடு கட்டிவிடும். தொட்டால் ஒட்டியது போலவே இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. காலை ஏழு மணிக்கு முன் செய்யுங்கள், அல்லது வீட்டுக்குள் செய்யுங்கள். வெயிலில் கிடந்த குழாயை ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். டப்பாவில் சிமெண்ட் வெல்லப்பாகு போலக் கெட்டியாகியிருந்தால் தின்னர் ஊற்றி நீர்க்க வைக்காமல் புதிது வாங்குங்கள்.

ஒட்டும் முறை: ஹாக்ஸா பிளேடால் நேராக அறுத்து, உள்ளும் வெளியும் பிசிறு எடுத்து, வெளிவிளிம்பை உப்புத்தாளால் லேசாகச் சரித்துவிடுங்கள். சரிவு இல்லாத விளிம்பு உள்ளே போகும்போது தடவிய சிமெண்டை வழித்துக்கொண்டு போய்விடும். ஈரமும் எண்ணெயும் இல்லாமல் துடையுங்கள். ஃபிட்டிங்கின் உள்ளே மெல்லிதாக, குழாயின் மேல் தாராளமாகத் தடவி, கால் சுற்று திருப்பியபடியே அடிவரை தள்ளி, அரை நிமிடம் விடாமல் பிடியுங்கள். விட்டால் சில சமயம் தானாகவே பின்னுக்கு வந்துவிடும். என் கணக்கு, தண்ணீர் விட ஒரு முழு நாள். பிறகு இரண்டு முறை நீர் ஓடவிட்டு அலசிக் கொட்டிவிட்டுத்தான் மீன்.

மோட்டார் ஓடினால் சொட்டுகிறது, நிறுத்தினால் நிற்கிறது

நல்ல செய்தி, தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது. மோட்டாருக்குப் பிறகு, தொட்டிக்கு ஏறும் குழாயில்தான் குறை. அங்கே மோட்டாரின் தள்ளு விசையும் சேர்கிறது. மோட்டார் வாயில் இருக்கும் அடாப்டரிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக மேலே பாருங்கள். அதிர்வால் தளர்ந்திருப்பதும் உண்டு. மோட்டாரிலிருந்து முதல் ஓரடிக்கு வளையும் ஹோஸ் போட்டு, அதன் பிறகு கெட்டிக் குழாயைத் தொடங்கினால் அதிர்வு மேலே ஏறாது.

ஓவர்ஃப்ளோ (மட்டம் ஏறினால் நீர் தானாகச் சம்ப்புக்கு இறங்கும் வழி) வைத்த தொட்டியில் ஒரு விதிவிலக்கு உண்டு. மோட்டார் ஓடினால்தான் இறங்கு குழாயிலும் நீர் ஓடும். ஆகவே ஏறு குழாய் காய்ந்திருந்தால் இறங்கு குழாயையும் பார்த்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிர் ஒன்று இருக்கிறது. ஓடும்போது ஒரு சொட்டு இல்லை, நிறுத்தினால் சொட்டுகிறது. கூடவே ஓடும்போது தொட்டிக்குள் பொடிப்பொடியாகக் குமிழ் வரும், மோட்டாரில் கரகரப்புச் சத்தம் கேட்கும். தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தில் ஓர் இணைப்பு திறந்திருக்கிறது. ஓடும்போது அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது, நின்றதும் தண்ணீர் வெளியே வருகிறது. தரை அதிகம் நனையாததால் இதைப் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. காற்று கலந்து ஓடும் மோட்டார் சீக்கிரம் தேய்ந்துபோகும். உறிஞ்சும் பக்க இணைப்புகளின் மேல் ஒவ்வொன்றாக ஈரத்துணியைச் சுற்றிப் பிடியுங்கள். எதைப் பிடிக்கும்போது குமிழ் நிற்கிறதோ அதுதான். சோப்பு நுரை வேண்டாம், காற்றோடு அதுவும் உள்ளே போகும்.

கரண்ட் போனால் மட்டும் தரை நனைகிறது

இணைப்பு எதுவும் கசியவில்லை, சம்ப் நிரம்பி வழிகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இது நடக்கும். மோட்டார் நின்றதும் மேலே ஏறிய குழாய் சைஃபனாகி, அதன் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீரையும் கீழே இழுத்துவிடும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் வாய் 5 செ.மீ. முங்கியிருந்தால் இறங்குவது சுமார் 28 லிட்டர். ஒரு பெரிய வாளியும் இன்னொரு பாதியும்.

குழாயின் வாயை மேல்மட்டத்துக்கு ஏற்றுங்கள். கூடவே, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே குழாயில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் இறங்கியதும் துளை காற்றை இழுத்து சைஃபனை அறுத்துவிடும். நம் தண்ணீருக்கு அந்தத் துளை சுண்ணாம்பு பிடித்து அடைபடும். மாதம் ஒருமுறை ஊசியால் குத்திவிடுங்கள். செக் வால்வு (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டால் போதுமே என்று கேட்பார்கள். அதன் நாக்கிலும் அதே சுண்ணாம்பு படியும், ஒருநாள் பாதி திறந்தபடி நிற்கும். அதை நம்பி நான் தூங்குவதில்லை. எல்லாம் முடிந்ததும் நீங்களே நின்று பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். இறங்க வேண்டியது இறங்கி நின்ற பிறகு சம்ப்பில் நாலு விரல் இடம் மிச்சம் இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கும் முன், மோட்டார் ஓடும்போது சம்ப்பில் எங்கே மட்டம் இருந்ததோ, அதைத் தாண்டி நிரப்பாமலிருக்க அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள்.

யூனியனிலும் வால்விலும்

யூனியன் என்பது குழாயை அறுக்காமல் கழற்றி மாட்ட உதவும் இணைப்பு. அதன் மரைக்கு டேப் சுற்றாதீர்கள். அங்கே நீரை நிறுத்துவது உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். ரிங் இல்லாமலே மாட்டியிருக்கலாம், பள்ளத்திலிருந்து நழுவியிருக்கலாம், இரண்டு குழாயும் ஒரே கோட்டில் இல்லாமல் கோணலாக இழுத்து மாட்டியிருக்கலாம். பால் வால்வில் (உள்ளே ஓர் உருண்டை சுழன்று திறந்து மூடும் வால்வு) கைப்பிடித் தண்டு வழியாகத் துளிர்த்தால் வால்வையே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை வால்வைத் திறந்து மூடினால் உள்ளே சுண்ணாம்பு இறுகாது.

கேனிஸ்டர் ஃபில்டர் அடியில் நீர்

கேனிஸ்டர் என்பது தொட்டிக்கு வெளியே வைக்கும், மூடிய வாளி போன்ற வடிகட்டி. அதன் தலைமூடிக்கும் வாளிக்கும் நடுவில் இருக்கும் பெரிய ஓ-ரிங்கைக் கழற்றுங்கள். ஒரு தலைமுடி, ஒரு பாசித் துணுக்கு கிடந்தாலே துளிர்க்கும். வெள்ளைப் படிவு இருந்தால் ரிங்கை வினிகரில் சற்று ஊறவைத்துத் தேய்த்து அலசுங்கள். பள்ளத்தைப் பட்ஸால் துடைத்து, ரிங்கின் மேல் சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டு எடுத்துப் பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். வாசலின் வேண்டாம், சில வகை ரப்பர் அதில் ஊதிப்போகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

ஹோஸ் வாயில் கசிந்தால் அளவைப் பாருங்கள். 16/22 என்றால் உள்விட்டம் 16 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. தோட்டத்துக்கு வாங்கிய முக்கால் இன்ச் ஹோஸ் 19 மி.மீ. இருக்கும். அதைக் கிளிப் போட்டு நசுக்கினால் மடிப்பு விழுந்து அந்த மடிப்பு வழியாகவே கசியும். சரியான ஹோஸ்தான் ஆனால் நுனி விறைத்துப் போயிருக்கிறது என்றால், ஓர் இன்ச் அறுத்துவிட்டு, புதிய நுனியைச் சுடுநீரில் ஒரு நிமிடம் முக்கி, இளகியிருக்கும்போதே அடிவரை ஏற்றுங்கள்.

எல்லா இணைப்பும் காய்ந்திருக்கிறது, தரை மட்டும் ஈரம்

மூடிக்கண்ணாடி தொட்டி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? ராத்திரி மூடியின் அடியில் கோக்கும் நீர் அந்த நுனி வழியாக வெளியே இறங்கும். காற்றுக் குமிழ் வெடிக்கும் இடம் விளிம்புக்கு அருகில் இருந்தால் சிதறல் விழும். ஏர் பம்பு தொட்டி மட்டத்துக்குக் கீழே இருந்தால் கரண்ட் போனதும் அதன் டியூப் வழியாகத் தண்ணீர் பம்புக்கே வந்துவிடும். பம்பை மேலே வைப்பதே பாதுகாப்பு. தொட்டியிலிருந்து வெளியே தொங்கும் வடிகட்டிப் பஞ்சோ செடியின் இலையோகூட விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல நீரை இழுத்துச் சொட்டவைக்கும்.

தரையையும் பார்த்துவிடுங்கள். கூடத்தில் கழுவிவிட வசதியாகக் கொத்தனார் வாசல் பக்கம் வாட்டம் கொடுத்திருப்பார். தொட்டி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் ஓவர்ஃப்ளோ எட்டும் முன்பே தாழ்ந்த விளிம்பில் நீர் தளும்பும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தண்ணீரை இறக்கிய பிறகு ஸ்டாண்டுக்குக் காலடியில் தகடு கொடுங்கள். நிரம்பிய நாலடித் தொட்டியில், ஒன்றரை அடி உயரமென்றால், 250 கிலோவுக்கு மேல் தண்ணீர் மட்டுமே இருக்கிறது. அப்படியே நெம்பித் தூக்க யாரும் துணிய வேண்டாம்.

மட்டம் குறைகிறது, ஈரம் எங்கும் இல்லை

பெரும்பாலும் ஆவியாதல்தான். அக்னி நட்சத்திரத்தில் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தால் வியப்பே இல்லை. சந்தேகம் தீர, தொட்டிக்குப் பக்கத்தில் அதே அறையில் ஒரு வாளி தண்ணீர் வைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, இரண்டிலும் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். மீன் விட்டாயிற்று என்றால் ஏர் பம்பாவது ஓடட்டும். ஒரு நாள் கழித்து இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தால் கசிவு இல்லை. குறைந்ததைப் போர்த் தண்ணீராலேயே நிரப்பிக்கொண்டிருக்காதீர்கள். ஆவியாவது நீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். ஆர்ஓ தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ கலந்து நிரப்பினால் மீனுக்கும் நல்லது, ஓ-ரிங்குக்கும் நல்லது.

கண்ணாடி ஒட்டிலிருந்தே வருகிறது

டிஷ்யூ மோதிரம் எல்லாம் காய்ந்து, கண்ணாடிகள் சேரும் மூலை மட்டும் ஈரமாக இருந்தால் இது குழாய் வேலை இல்லை. தொட்டி செய்து கொடுத்தவரிடம் உடனே சொல்லுங்கள், புதுத் தொட்டி என்றால் மாற்றித் தரக் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். நாமே செய்வதென்றால் நீரை முழுதும் இறக்கி, உள்மூலையில் இருக்கும் பழைய சிலிக்கோனை அந்தப் பக்கம் முழுக்க பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய சிலிக்கோனின் மேல் புதியது சரியாகப் பிடிக்காது, கசியும் புள்ளியில் மட்டும் ஒரு பொட்டு வைப்பதால் பயனில்லை. பூஞ்சை தடுக்கும் மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கோன் வேண்டாம். மீன் தொட்டிக்கு ஆகும் என்று டியூபில் போட்டிருப்பதையே வாங்குங்கள். சிலிக்கோன் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். காற்று வறண்டு கிடக்கும் கோடையில் அது மெதுவாக நடக்கும். வினிகர் வாசனை முழுதும் போகும்வரை, ஒரு வாரமாவது விடுங்கள். பிறகு வெளியே திண்ணையிலோ முற்றத்திலோ வைத்து, மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஒரு நாள், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி ஒரு நாள், முழுதும் நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். அடியில் செய்தித்தாள் காய்ந்தே இருந்தால் தண்ணீரை இறக்கி உள்ளே தூக்கிப் போகலாம்.